மழையில்லா மாதத்தில் வானிலைக் குறிப்பு எழுதும் முறை

கடலூரில் வானிலைப் பேச்சு ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு அடங்கிவிடும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதையும் மறக்காத நாம், தை பிறந்தபின் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால் நாள்தோறும் வானிலைக் குறிப்பு எழுதிப் பழக விரும்புவோருக்குத் தையும் மாசியுமே ஏற்ற காலம் என்பது என் உறுதியான கருத்து. பகலில் 28, 29 டிகிரி, விடியலில் 20, 21 டிகிரி என்று வெப்பநிலை ஒரே சீராக இருக்கும் நாட்களில், ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் ஒரு டிகிரியைக்கூடத் தாண்டுவதில்லை. கருவியை வைத்த இடத்தால் நேரும் சிறு பிழையே அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும் என்பதால், துல்லியமாக அளந்தாக வேண்டிய கட்டாயம் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும்.

முதலில் வெப்பமானிக்கு இடம் பார்க்க வேண்டும். நான் தொடக்கத்தில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தேன். பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆன பின்பும் அது வெளிக்காற்றைவிட இரண்டு டிகிரி கூடுதலாகவே காட்டியது. பகல் முழுவதும் வெயில் வாங்கிய சிமென்ட் தளத்தின் சூட்டைத்தான் நான் பல நாட்கள் வானிலை என்று எழுதிவந்திருக்கிறேன். வானிலை நிலையங்களில் வெப்பமானியை வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டி வெள்ளை வண்ணம் பூசப்பட்டு, பக்கங்களில் காற்று புகும் சாய்சட்டங்களுடன், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், கதவு வடக்கு நோக்கித் திறக்கும்படி நிற்பது இக்காரணங்களால்தான். வீட்டில் அப்படி ஒரு பெட்டி செய்ய இயலாதவர்கள், வடக்குப் பக்க நிழலில், மண்தரைக்கு மேலே, சுவரைத் தொடாமல் தொங்கவிட்டால் போதும். தை மாதத்தில் சூரியன் தென்புறமாகவே செல்வதால் வடபுற நிழல் நாள் முழுவதும் கிடைக்கும்.

கடைகளில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானியை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சேறுபோல் குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதைக் கருவியுடன் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் அது 75 விழுக்காட்டை ஒட்டிக் காட்டினால் கருவி சரியானது. 70 காட்டினால், அந்த அளவை ஒட்டிய பதிவுகளில் ஐந்தைக் கூட்டி எழுதிக்கொள்ளலாம்.

நேரம் மாறக் கூடாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நாள் கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. நாமும் அதையே பின்பற்றினால்தான் நமது குறிப்பைப் பிற பதிவுகளுடன் ஒப்பிட முடியும். புதியவர்கள் தடுமாறும் இடம் தேதிதான். காலை 8.30க்குப் பார்க்கும் குறைந்தபட்ச வெப்பநிலை அன்றைய விடியலுக்கு உரியது. அதே வேளையில் கருவி காட்டும் அதிகபட்சமோ முந்தைய நாள் பிற்பகலுக்கு உரியது. எந்த எண் எந்தத் தேதிக்கு உரியது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

இனிக் காற்று. இந்த மாதத்தில் நான் மிகவும் விரும்பிக் கவனிப்பது அதைத்தான், ஏனெனில் புயலோ மழையோ குறுக்கிடாத நாட்களில் நிலக்காற்றும் கடற்காற்றும் கைமாறுவதைக் கண்ணெதிரே காணலாம். காலையில் ஓர் ஊதுவத்தியை ஏற்றி மாடியில் வைத்தால், புகை பெரும்பாலும் கடல் பக்கமாகச் சாயும். இரவில் கடலைவிட விரைவில் குளிர்ந்த நிலத்திலிருந்து வரும் காற்று அது. முற்பகல் ஏற ஏறப் புகை நேராக எழும்பித் தயங்கும். பிறகு தென்னங்கீற்றுகள் திடீரெனத் திசை மாறி அசையும். கிழக்கிலிருந்து கொண்டல் வந்துவிட்டது என்று பொருள். அந்த மணியைக் குறித்துக்கொண்டு உடனே வெப்பமானியைப் பார்த்தால், உச்சிப்பொழுதில் ஏற வேண்டிய வெப்பநிலை ஏறாமல் நிற்பதும் ஈரப்பதம் கூடுவதும் தெரியும். கடற்கரையிலுள்ள தேவனாம்பட்டினத்தில் தெரியும் மாற்றம் மேற்கே பண்ருட்டிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்பதால், இரண்டு ஊர்களிலும் ஒருவர் குறித்துவந்தால் கடற்காற்றின் பயணத்தையே அளந்துவிடலாம். திசையை எழுதும்போது காற்று எங்கிருந்து வருகிறதோ அதையே எழுத வேண்டும்; வடக்கிலிருந்து வருவதை வாடை என்று சொல்லும் நம் வழக்கமும் இதற்கு இசைவானதே.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியைச் சோதித்துப் பார்க்க ஓர் எவர்சில்வர் தட்டு போதும். இரவில் அதைத் திறந்த வெளியில் வைத்து, சூரியன் எழுமுன் பார்க்க வேண்டும். மேகமற்ற, காற்றடங்கிய இரவுக்குப் பின் தட்டு முழுவதும் துளிகள் அரும்பியிருக்கும். விரலால் கோடு இழுத்தால் நீர் ஓடி ஓரத்தில் சேரும். மேகம் கவிந்த இரவில் தரையின் வெப்பம் வெளியேறுவது தடைபடுவதால் தட்டு பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். ‘இல்லை’, ‘லேசாக’, ‘நிறைய’ என்ற மூன்று சொற்களே இதற்குப் போதுமானவை. மூடுபனிக்கு மட்டும் அளவுண்டு: பார்வைத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தால்தான் அதை மூடுபனி என்று எழுத வேண்டும். மாடியிலிருந்து தெரியும் பாடலீஸ்வரர் கோயில் கோபுரம், குடிநீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் போன்றவற்றின் தொலைவை முன்கூட்டியே அறிந்து வைத்துக்கொண்டால் இதைத் தீர்மானிப்பது எளிது. போகியன்று காலையில் தெரியும் மங்கல் புகையால் வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும்.

மழைமானியை எடுத்து உள்ளே வைத்துவிடக் கூடாது. 15 செ.மீ. விட்டமுள்ள புனலைப் பாட்டிலில் பொருத்தினால், சேரும் ஒவ்வொரு 17.7 மில்லிலிட்டரும் ஒரு மி.மீ. மழை. நாள்தோறும் 8.30 மணிக்கு அதைத் திறந்து பார்த்து, நீர் இல்லையெனில் 0.0 என்று எழுத வேண்டும். பனியால் உட்புறம் ஈரமாக மட்டும் இருந்தால் 0.0 என்று எழுதி, அருகில் பனி என்று குறிக்கலாம். கட்டத்தை வெறுமையாக விட்டால் மழை பெய்யவில்லையா, பார்க்கவே இல்லையா என்பது பின்னால் யாருக்கும் தெரியாது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த பெருமழையில் தமிழகத்தில் அறுவடைக்கு நின்ற நெல் நீரில் மூழ்கியது. அந்த மழை எவ்வளவு விதிவிலக்கானது என்பதை எடுத்துக்காட்டுவது மற்ற ஆண்டுகளின் தை மாதங்களில் யாரோ பொறுமையாக எழுதி வைத்த சுழியங்கள்தான்.

மாத முடிவில் சராசரி காணும்போது, பார்க்காமல் விட்ட நாளுக்கு முந்தைய நாளின் எண்ணை நிரப்பாமல், அந்தக் கட்டத்தில் கோடிட்டு, ‘ஊரில் இல்லை’ என்றோ ‘பேட்டரி தீர்ந்தது’ என்றோ காரணத்தை எழுதி, மீதியுள்ள நாட்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்க வேண்டும்.