ஊர் டிவியை வெளிநாட்டில் பார்க்க, தம்பி வீட்டு இணைப்பையே விபிஎன் ஆக்கிக்கொள்ளும் முறை

போன மே மாதம் அம்மா மூன்று மாத விசாவில் எங்களோடு இருக்க ஜெர்மனிக்கு வந்தார். நாலாம் நாள் சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து போனைத் தடவித் தடவிப் பார்த்தவர், என்னிடம் நீட்டினார். "ஒம்பது மணி நாடகம் வரமாட்டேங்குது. காசு கட்டித்தானே வச்சிருக்கேன்?" திரையில், இந்தச் சேவை உங்கள் பகுதியில் கிடைக்காது என்று எழுதியிருந்தது. வருடச் சந்தா கட்டிய கணக்கு, அதே போன், அதே செயலி. மாறியது அவர் உட்கார்ந்திருந்த நாடு மட்டும்தான்.

அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கணினி வேலை தெரியாதவர்களும் செய்துகொள்ளலாம் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

ஏன் மறுக்கிறது?

ஒரு தொடரையோ கிரிக்கெட் போட்டியையோ ஒளிபரப்பும் உரிமை நாடு நாடாகத்தான் விற்கப்படுகிறது. இந்தியாவுக்கு மட்டும் உரிமை வாங்கிய நிறுவனம் வெளிநாட்டில் அதைக் காட்டக் கூடாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அது உங்கள் ஐபி முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கிறது. கடிதத்தின் மேல் விழும் தபால் முத்திரை போல, இணைய இணைப்பு ஒவ்வொன்றும் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை அந்த எண் காட்டிவிடும்.

விபிஎன் செய்வது என்னவென்றால், உங்கள் போனிலிருந்து வேறோர் இடத்துக்கு யாரும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு குழாய் போடுகிறது. உங்கள் கோரிக்கை குழாய் வழியே போய் மறுமுனையில் வெளியே வருகிறது. முத்திரை அந்த மறுமுனையில்தான் விழும். அந்த முனை திருநெல்வேலியில் இருந்தால் நீங்களும் திருநெல்வேலியில் இருப்பதாகவே கணக்கு.

முதலில், இது தேவைதானா என்று பாருங்கள்

செய்தி மட்டும் போதும் என்றால் எதுவும் வேண்டாம். புதிய தலைமுறை, பாலிமர், சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. சன் நெக்ஸ்ட் போன்ற சேவைகள் பல வெளிநாடுகளில் தனிச் சந்தாவே விற்கின்றன. நீங்கள் நிரந்தரமாக அங்கேயே இருப்பவர், உங்கள் நாட்டில் அது கிடைக்கிறது என்றால் அதை வாங்குவதுதான் நேர்மையும் நிம்மதியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இணையம் வழியே படமும் தொடரும் காட்டும் ஓடிடி நிறுவனங்கள் பலவற்றின் விதிமுறையில் விபிஎன் வழியாகப் பார்க்கக் கூடாது என்று இருக்கிறது. கண்டுபிடித்தால் கணக்கை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சந்தா எடுக்கும்போது ஒப்புக்கொண்ட பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ஊரில் குடியிருந்து, ஊரில் காசு கட்டி, மூன்று மாதம் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா அவருடைய சொந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்பது என் முடிவு. அடுத்தவர் கணக்கை வாங்கிப் பார்ப்பதற்கும் திருட்டுப் படத்துக்கும் இதை நான் சொல்லித்தரவில்லை.

நாட்டுச் சட்டமும் முக்கியம். ஜெர்மனியில் விபிஎன் வைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை. வளைகுடாவில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்வதற்காக ஐபி முகவரியை மறைத்தால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். எது குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற சந்தேகத்தோடு ஒரு நாடகத்துக்காக அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன் ஏன் கைவிட்டது

எல்லோரையும் போல நானும் முதலில் ஒரு மாதச் சந்தாவுக்கு விபிஎன் வாங்கினேன். நாடுகள் பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். இணைந்துவிட்டது என்று பச்சை விளக்கும் எரிந்தது. செயலி மறுபடியும் அதே பல்லவியைப் பாடியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவர்களுக்குக் கொடுத்த ஐபி எண்கள் எல்லாவற்றையும் 5 ஆண்டு பதிந்துவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எதையும் பதிய மாட்டோம் என்று சொல்லியே வியாபாரம் செய்பவர்களால் அதை ஏற்க முடியவில்லை. எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க், புரோட்டான் போன்ற பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை அந்த ஆண்டே எடுத்துவிட்டன. இன்று பட்டியலில் 'இந்தியா' என்று இருப்பது பெரும்பாலும் சிங்கப்பூர் போல வேறெங்கோ இருக்கும் இயந்திரம். அதற்கு இந்திய எண் மட்டும் கொடுத்திருப்பார்கள். ஒரே எண்ணிலிருந்து ஆயிரக்கணக்கானவர் வருவதால் ஓடிடி நிறுவனங்களுக்கு அதை அடையாளம் காண்பது எளிது. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது.

இலவச விபிஎன் பக்கம் போகவே போகாதீர்கள். ஹோலா என்ற இலவசச் சேவை, அதைப் பயன்படுத்தியவர்களின் வீட்டு இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது 2015-இல் அம்பலமானது. முகம் தெரியாத யாரோ செய்யும் காரியத்துக்கு உங்கள் வீட்டு முத்திரை விழும்.

ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. ஊரில் தம்பி வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன் சும்மாதானே கிடக்கிறது! தெரியாதவன் வாசலுக்குப் பதில் தம்பி வீட்டு வாசல் வழியாக வெளியே போனால் என்ன?

ஊர் வீட்டில் செய்ய வேண்டியது

தேவையானவை மூன்று. ஃபைபர் இணைப்பு, ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப், பொறுமையுள்ள ஒரு ஆள். தம்பி காலேஜில் வைத்திருந்த லேப்டாப் பரணில் கிடந்தது. வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டு, "யக்கா, ஒண்ணொண்ணா சொல்லு, அவசரப்படுத்தாத" என்று உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் முடிந்தது.

முதல் படி, இதற்கென்று புதிதாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். உங்கள் சொந்த மெயில் கணக்கைத் தம்பி லேப்டாப்பிலும் அம்மா போனிலும் திறந்துவைக்க வேண்டிய அவசியம் இருக்காது.

இரண்டாவது, லேப்டாப்பில் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அந்தப் புதிய கூகுள் கணக்கால் உள்ளே நுழையுங்கள். ரவுட்டரில் எதையும் மாற்ற வேண்டாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். நம் ஊர் இணைய நிறுவனங்கள் பல, ஒரே ஐபி எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், சாதாரண முறையில் வெளியிலிருந்து நேரே வீட்டுக்குள் வர முடியாது. இந்த மென்பொருள் இரண்டு பக்கமும் உள்ளிருந்தே கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது, திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் டெய்ல்ஸ்கேல் குறி வந்திருக்கும். அதை அழுத்தி 'எக்ஸிட் நோட்ஸ்' என்பதற்குள் போய் 'ரன் எக்ஸிட் நோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி இந்த லேப்டாப்தான் வெளியேறும் வாசல். அதே குறியில் 'பிரிஃபரன்சஸ்' உள்ளே 'ரன் அன்அட்டெண்டட்' என்று ஒன்று இருக்கும். அதையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் மறுபடி தொடங்கி யாரும் லாகின் செய்யாதபோது இணைப்பு வராது.

நான்காவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாசலைத் திறந்தது போதாது, அனுமதியும் கொடுக்க வேண்டும். டெய்ல்ஸ்கேல் தளத்தில் அதே கணக்கால் நுழைந்தால் 'மெஷின்ஸ்' பக்கத்தில் தம்பியின் லேப்டாப் பெயர் தெரியும். அதன் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'எடிட் ரூட் செட்டிங்ஸ்', அதில் 'யூஸ் அஸ் எக்ஸிட் நோட்' டிக் செய்து சேமியுங்கள். அதே மூன்று புள்ளியில் 'டிசேபிள் கீ எக்ஸ்பைரி' என்பதையும் அழுத்திவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் 180 நாளில் இணைப்பு தானாக அறுந்துவிடும். அப்போது தம்பி மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார வேண்டியிருக்கும்.

ஐந்தாவது, லேப்டாப் தூங்காமல் பார்த்துக்கொள்வது. பவர் செட்டிங்ஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்றும் மாற்றுங்கள். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். தம்பி அதை மூடி, டிவி மேசைக்குக் கீழே, காற்றோட்டமாக இரண்டு கட்டைமேல் வைத்தான்.

கரண்ட் கட்டுக்கும் ஒரு வழி வேண்டும். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, ரவுட்டருக்குக் கிடையாது. ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் நாடகம் பாதியில் நிற்காது.

வெளிநாட்டில் செய்ய வேண்டியது

போனில் டெய்ல்ஸ்கேல் செயலியை நிறுவி அதே கணக்கால் நுழையுங்கள். விபிஎன் இணைப்புக்கு அனுமதி கேட்கும், கொடுங்கள். 'எக்ஸிட் நோட்' என்ற இடத்தில் தம்பியின் லேப்டாப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஐபி முகவரி காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். தம்பி வீட்டு இணைய நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். ஊர் பெயர் திருநெல்வேலிக்குப் பதில் சென்னை என்று காட்டினால் பயப்பட வேண்டாம். நிறுவனத்தின் எண்கள் எந்த ஊரில் பதிவாகியிருக்கின்றனவோ அதுதான் காட்டும். பிறகு ஓடிடி செயலியை முழுதாக மூடி மறுபடி திறங்கள். பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் பழைய நாட்டையே நினைவில் வைத்திருக்கும்.

இங்கே இரண்டு முட்டுக்கட்டைகள் வரும். ஒன்று, இந்தியச் செயலிகள் வெளிநாட்டு பிளே ஸ்டோர் கணக்கில் தெரியாமல் போகலாம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செயலியை இறக்கி, லாகினும் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். லாகினுக்கான ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். சிம்மில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவைக்க மறந்தால் இங்கே வந்து கையைப் பிசைய வேண்டியதுதான்.

இரண்டாவதில்தான் எனக்கு இரண்டு நாள் போயிற்று. அம்மாவின் போனில் நாடகம் அழகாக ஓடியது. பெரிய டிவிக்கு காஸ்ட் செய்தவுடன் நின்றுவிட்டது. காஸ்ட் என்றால் போன் படத்தை டிவிக்கு அனுப்புகிறது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. எங்கே எடுக்க வேண்டும் என்று போன் சொல்ல, டிவியே நேரடியாக இணையத்தில் போய் எடுக்கிறது. டிவி போகும் வழியில் விபிஎன் இல்லை, ஜெர்மன் முத்திரை விழுந்துவிடுகிறது. இங்கே இருக்கும் என் லேப்டாப்பில் டெய்ல்ஸ்கேல் போட்டு, ஓடிடி தளத்தை பிரௌசரில் திறந்து, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்தேன். ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் டிவியிலேயே டெய்ல்ஸ்கேல் செயலியை நிறுவிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு கேபிள்தான் சுலபம் என்பது என் அனுபவம்.

வேகமும் டேட்டாவும்

தெளிவான எச்டி படத்துக்கு சுமார் 5 எம்பிபிஎஸ் வேகம் போதும். கவனிக்க வேண்டியது தம்பி வீட்டின் அப்லோடு வேகம், ஏனென்றால் படம் அங்கே வந்து, அங்கிருந்து உங்களுக்கு மேலே ஏறி வருகிறது. இன்றைய ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகம். மொபைல் டேட்டா பெட்டி வைத்திருப்பவர்கள் அப்லோடை அளந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.

டேட்டா இரண்டு மடங்காகும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.25 ஜிபி என்றால், தம்பி வீட்டுக் கணக்கில் இறங்கியது, ஏறியது இரண்டும் சேர்ந்து 4.5 ஜிபி. தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் மாதம் 270 ஜிபி. 3300 ஜிபி அளவுள்ள ஃபைபர் திட்டத்தில் இது பெரிய செலவே இல்லை. இருந்தாலும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

படம் விட்டு விட்டு வந்தால், இரண்டு முனையும் நேரே இணையாமல் டெய்ல்ஸ்கேலின் இடைநிலை சர்வர் வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். தம்பி வீட்டு ரவுட்டரில் ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரி முறை திறந்திருந்தால் நேரிணைப்பு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு லேப்டாப்பை லேன் கேபிளுக்கு மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பார்த்து முடித்ததும் 'எக்ஸிட் நோட்' என்பதில் 'நன்' கொடுத்து அணைத்துவிடுங்கள். அது ஓடும்வரை நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் தம்பியின் பெயரில், தம்பியின் வீட்டிலிருந்து திறந்ததாகத்தான் பதிவாகும். அவன் நம்பித் திறந்துவிட்ட வாசல் அது.

இங்கே கோடையில் மாலை ஐந்தரை என்றால் ஊரில் ஒன்பது மணி. அக்டோபர் கடைசியில் கடிகாரம் மாறிய பிறகு நாலரை. அம்மா ஐந்தே காலுக்கே காபியோடு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் படம் சட்டென்று நின்றுபோக, நான் லேப்டாப்பைத் தொடுவதற்குள் அவரே தம்பிக்குப் போன் போட்டார். "ஏலே, அங்க கரண்ட் போயிருச்சா? அந்தச் சின்னப் பெட்டியில லைட் எரியுதான்னு பாரு." ரவுட்டருக்கு யுபிஎஸ் வாங்கி மாட்டியது அதற்கு மறுநாள்தான்.