நாயகர்களைச் சாட்சிக்கு அழைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பள்ளி நூலகத்துக்கு என்னென்ன புத்தகம் வாங்கலாம் என்று பேசுவதற்காக ஒரு பெற்றோர் கூட்டம். நானும் போயிருந்தேன். "ஹாரி பாட்டர் படிக்கிற பிள்ளைங்களுக்கு மத்தவங்க மேல வெறுப்பே வராதாம் மேடம். ஆராய்ச்சியிலயே நிரூபிச்சிருக்காங்க" என்றார் ஒரு தாய். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். "சூப்பர்மேன், பேட்மேன்னு பார்த்துப் பார்த்துத்தான் பசங்க கை நீட்டுறானுங்க. அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு" என்றார். தலைமையாசிரியை இருவருக்கும் தலையாட்டினார். பட்டியல் அன்று முடிவாகவில்லை.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவர் சொன்னதற்கும் பின்னால் நிஜமான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் ஆய்வில் இருந்தது வேறு, அந்த அறைக்கு வந்து சேர்ந்தது வேறு. பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்று முடிவெடுக்கிற இடத்தில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

ஹாரி பாட்டரிலிருந்து தொடங்குகிறேன். லோரிஸ் வெத்சாலி என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் இத்தாலியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது, 2014இல் வெளியானது. வாரம் ஒருமுறை, ஆறு வாரம், சிறு குழுக்களாக உட்காரவைத்துப் படிக்கவும் பேசவும் செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறுப்பைப் பற்றிய பகுதிகள்: மால்ஃபாய் என்ற பையன் ஹாரியின் தோழி ஹெர்மயனியின் பிறப்பைச் சொல்லி இழிவாகத் திட்டும் இடம் போல. இன்னொரு பிரிவுக்கு அப்படி எதுவும் இல்லாத பகுதிகள்: ஹாரி தன் முதல் மந்திரக்கோலை வாங்கும் இடம் போல. குடியேறி வந்தவர்களைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் கேட்டார்கள்.

கவனியுங்கள், இரண்டு பிரிவும் படித்தது ஹாரி பாட்டர்தான். அப்படியிருக்க, 'ஹாரி பாட்டர் படித்தால் வெறுப்பு குறையும்' என்று இந்த ஆய்வு சொல்லவே முடியாது. வெறுப்பைப் பற்றிய பகுதியைப் படித்து, கூட ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு அதைப் பேசிய பிரிவில்தான் மாற்றம் தெரிந்தது. அந்தப் பிரிவிலும் எல்லோரிடமும் இல்லை. ஹாரியைத் தன்னைப் போன்றவனாக உணர்ந்த பிள்ளைகளிடம் மட்டும்தான். அதே ஆய்வாளர்கள் பெரிய மாணவர்களிடம் செய்த மற்ற இரண்டு ஆய்வுகளிலும் இப்படியே நிபந்தனைகள் உண்டு. 'எந்தப் பகுதி, யாரோடு பேசி, யாருக்கு' என்ற மூன்றும் உதிர்ந்துபோய் நாயகன் பெயர் மட்டும் மிஞ்சுவதுதான் நாம் செய்கிற முதல் தவறு. அந்தத் தாய்க்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான்: புத்தகத்தை வாங்குங்கள், கூடவே உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியருக்கு நேரமும் ஒதுக்கித் தாருங்கள்.

இனி பேட்மேன். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஃபிரெட்ரிக் வெர்தம் ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய மனநல மருத்துவர். கறுப்பின மக்களைப் பெரும்பாலான மருத்துவமனைகள் திரும்பிப் பார்க்காத காலத்தில், 1946இல், அந்நகரின் ஹார்லெம் பகுதியில் ஒரு தேவாலயக் கட்டடத்தின் நிலவறையில் மனநல மருத்துவமனை தொடங்கினார். கட்டணம் 25 சென்ட், அதுவும் முடிந்தவர்களுக்கு. டெலவேர் மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது அவர்கள் மனதைக் காயப்படுத்துகிறது என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அதில் அடங்கிய வழக்குகளில் டெலவேர் வழக்கும் ஒன்று.

அதே 1954இல்தான் படக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்ற தன் நூலை வெளியிட்டார். சூப்பர்மேன், வலுத்தவன் வைத்ததே சட்டம் என்று கற்றுத்தருகிறான், பேட்மேனும் அவன் கூட்டாளிச் சிறுவன் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வது தன்பாலின ஈர்ப்புக் கனவு, இப்படி. ஏப்ரலில் செனட் துணைக்குழு முன் சாட்சி சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித் தொகுப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். தலைப்பில் 'திகில்' என்ற சொல் வரக்கூடாது என்பது வரை அதில் இருந்தது. பல பதிப்பகங்கள் மூடப்பட்டன. அந்தத் தணிக்கை முத்திரை 2011 வரை தாக்குப்பிடித்தது.

அவர் வாதத்தில் இருந்த ஓட்டை அப்போதே தெரிந்ததுதான். அவர் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டி மருத்துவமனைக்கு வந்தவர்கள். அவர்கள் எல்லோரும் படக்கதை படித்தார்கள், உண்மை. அந்தக் காலத்தில் எந்த வம்புக்கும் போகாத பிள்ளைகளும் ஏறக்குறைய எல்லோரும் படித்தார்கள். ஜெயிலில் இருப்பவர்கள் அனைவரும் சோறு தின்றவர்கள் என்பதால் குற்றத்துக்குக் காரணம் சோறு என்று சொல்ல முடியுமா? ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லாமல் எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை. ஃபிரெடெரிக் த்ராஷர் என்ற சமூகவியலாளர் 1949லேயே, இது பலியாடு தேடும் வேலை என்ற பொருளில் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதைவிட மோசமானது அரை நூற்றாண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. வெர்தமின் பெட்டிகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தன. 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேரல் டில்லி உள்ளே உட்கார்ந்து மருத்துவக் குறிப்புகளை நூலோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். பேட்மேனைப் பற்றி ஓர் இளைஞன் சொன்னதாக நூலில் வரும் வாக்குமூலம், உண்மையில் 16, 17 வயதுடைய இரண்டு பேர் சொன்னதை ஒட்டவைத்தது. அந்த இருவரும் ஏற்கனவே ஒருவரையொருவர் காதலித்தவர்கள். தங்கள் கனவுகளுக்குப் பேட்மேனைவிட டார்ஸன், சப்-மரைனர் என்ற வேறு நாயகர்கள்தான் நெருக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வரி நூலில் இல்லை. படக்கதை நாயகியால் கெட்டுப்போனதாகக் காட்டப்பட்ட 13 வயதுச் சிறுமியின் குறிப்பில், அவள் ஒரு கும்பலில் இருந்ததும் வீட்டைவிட்டு ஓடியதும் எழுதியிருக்கிறது. நூலில் அதுவும் இல்லை. 2012இல் டில்லி இதையெல்லாம் வெளியிட்டார்.

எனக்கு இதில் வலிப்பது, வெர்தம் கெட்டவர் இல்லை என்பதுதான். பிள்ளைகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை நிஜம். ஆள் நல்லவர், நோக்கம் நல்லது, ஆகவே சான்றும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியதுதான் ஒரு நாடே செய்த தவறு.

நமக்குப் பிடித்த பக்கத்திலும் இதே தவறு நடக்கும். 1946இல் சூப்பர்மேன் வானொலி நாடகத்தில், கு க்ளக்ஸ் க்ளான் என்ற அமெரிக்க இனவெறி அமைப்பை ஒத்த ஒரு வெறிக்கூட்டத்தோடு அவன் மோதும் 16 பகுதிகள் ஒலிபரப்பாயின. நிஜ க்ளானுக்குள் ரகசியமாக நுழைந்த ஸ்டெட்சன் கென்னடி என்பவர் அதன் ரகசியங்களை நாடகக்காரர்களுக்குக் கொடுத்ததாகவும், அது கேலிப்பொருளாகி ஆள் சேர்க்கை சரிந்ததாகவும் ஒரு கதை உண்டு. 2005இல் அமோகமாக விற்ற ஒரு பொருளியல் நூல் இதைத் தகவலின் வலிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. கென்னடியின் பழைய ஆவணங்களைப் பார்த்தவர்கள், உள்ளே நுழைந்த வேலையில் பெரும்பகுதி வேறொருவர் செய்தது, கென்னடி தான் செய்ததாக எழுதிக்கொண்டார் என்று காட்டினார்கள். 2006 ஜனவரியில் அந்த நூலாசிரியர்களே நாளிதழில் அதை எழுதி ஒத்துக்கொண்டார்கள். கென்னடி இனவெறியை எதிர்த்துப் போராடியது மெய். நாடகம் ஒலிபரப்பானதும் மெய். ஆனால் அதனால் க்ளான் சரிந்தது என்பதற்கு ஒரு நல்ல கதை மட்டும் போதாது. சூப்பர்மேன் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்றால் ஆதாரம் கேட்கிற நாம், சூப்பர்மேன் இனவெறியை வீழ்த்தினான் என்றால் கைதட்டிவிடுகிறோம். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். பிடிப்பதால்தான் இரண்டு மடங்கு கேள்வி கேட்க வேண்டும்.

'தி எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மருத்துவரும் துப்பறிவாளருமாக வரும் டேனா ஸ்கல்லியைப் பார்த்துத்தான் பெண்கள் அறிவியலுக்கு வந்தார்கள் என்பதும் இந்த வகைதான். 2018 கருத்துக்கணிப்பு ஒன்றில் அறிவியல், தொழில்நுட்பத் துறைப் பெண்களில் 63 விழுக்காட்டினர் அவரை முன்மாதிரி என்றார்கள். தொடர் தொடங்கியது 1993இல். அறிவியலில் ஏற்கனவே ஆர்வம் இருந்த பெண் ஸ்கல்லியைத் தேடிப் பார்த்திருக்கலாமே? கணிப்பை நடத்தியதில் பங்கேற்ற நிறுவனங்களில் ஒன்று அப்போது தொடரின் உரிமையாளராக இருந்த ஃபாக்ஸ். அதனால் பொய்யாகிவிடாது, ஆனால் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டும்.

ஒரே ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுதுவது அடுத்த தவறு. வெகுஜனக் கதைகளை மட்டம் தட்டுவோர் கையில் 2013இல் 'சயின்ஸ்' இதழ் ஓர் ஆயுதம் கொடுத்தது. இலக்கியச் சிறுகதையைக் கொஞ்ச நேரம் படித்தாலே, 36 கண் படங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் தேர்வில் மதிப்பெண் கூடுகிறது, வெகுஜனக் கதைக்கு அந்தச் சக்தி இல்லை என்றது அது. வேறு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 800 பேரிடம் செய்து பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். அந்த விளைவு வரவில்லை. 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளைத் திரும்பச் செய்து 2018இல் வெளியிட்டபோது 13 தேறின; இது தேறவில்லை. இதைக் கேட்டதும் 'சமூக அறிவியலே சும்மா' என்று எழுந்து போகிறவர்களும் தவறுதான் செய்கிறார்கள். இது தேறவில்லை என்று கண்டுபிடித்ததும் சமூக அறிவியலாளர்கள்தானே. வெர்தமின் குறிப்புகளைத் தோண்டிய டில்லியும் ஓர் ஆய்வாளர்தான்.

நம் ஊரிலும் இந்தச் சர்ச்சை உண்டு. திரையில் ஏழைக்காகச் சண்டை போட்ட எம்.ஜி.ஆர். அந்தப் பிம்பத்தால்தான் ஏழைகளின் ஆதரவைத் தக்கவைத்தார், அவருடைய ஆட்சி அவர்களுக்குச் செய்தது குறைவு என்று ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வாதிட்டார். ஆழமான வாதம். ஆனால் படத்தில் இருப்பதைப் படித்துவிட்டால் பார்த்தவர் மனதையும் படித்ததாக ஆகிவிடாது. மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் மக்களோடு பழகி, சினிமாவைப் பற்றி அவர்கள் வாயால் கேட்டு எழுதிய மானுடவியலாளர் சாரா டிக்கியையும் சேர்த்துப் படித்தால்தான் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவரின் குரலும் கேட்கும்.

கடைசியாக, 2025இல் வந்த ஒரு மிலான் ஆய்வு. மெட்ரோ ரயிலில் கர்ப்பிணி வேடமிட்ட ஒரு பெண் ஏறுகிறார். சில பயணங்களில் இன்னொரு கதவு வழியாகப் பேட்மேன் உடையில் ஒருவரும் ஏறுகிறார். மொத்தம் 138 பயணங்கள். பேட்மேன் இல்லாதபோது ஏறக்குறைய 38 விழுக்காட்டுப் பயணங்களில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், இருந்தபோது 67. 'நாயகனைக் கண்டால் நல்லவராகிறோம்' என்று செய்தி ஓடியது. ஆனால் பேட்மேன் ஏறிய பயணங்களில் இடம் கொடுத்தவர்களைக் கேட்டபோது, 44 விழுக்காட்டினர் பேட்மேனைப் பார்க்கவே இல்லை என்றார்கள். எதிர்பாராத ஒன்று பெட்டிக்குள் நுழைந்ததும் ஆட்கள் விழித்துக்கொண்டு சுற்றிப் பார்த்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியானால் காரணம் பேட்மேனா, வெறும் விநோதமா? பேட்மேன் உள்ள பயணம், இல்லாத பயணம் என்ற இரண்டை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. அதே ரயிலில், அதே கர்ப்பிணி நிற்கும்போது, கோமாளி உடையில் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும்.