எக்ஸ் டிவிடெண்ட் தேதி: வங்கிப் பங்கை எந்த நாளுக்குள் வாங்க வேண்டும்?

பங்குச் சந்தைக்கு வந்த புதிதில், ஒரு வங்கிப் பங்கை ரெக்கார்டு தேதி அன்று காலையில் வாங்கினேன். டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை, யாருக்கு என்று பதிவேட்டைப் பார்த்து முடிவுசெய்யும் நாள் அது. அன்றைக்கு வாங்கினால் போதும் என்று நினைப்பு. டிவிடெண்ட் வரவில்லை, விலை மட்டும் இறங்கியது. நீங்களும் அப்படி மாட்டிக்கொள்ள வேண்டாம். 2025-இல் எஸ்பிஐ கொடுத்த டிவிடெண்டை வைத்தே பார்ப்போம்.

படி 1: ரூபாயைப் பாருங்கள்

2024-25 நிதியாண்டுக்கு எஸ்பிஐ அறிவித்தது பங்குக்கு 15.90 ரூபாய். முகமதிப்பு (பங்கில் குறித்த அடிப்படை மதிப்பு) 1 ரூபாய் என்பதால் இதையே 1590 சதவீதம் என்றும் சொல்லலாம், கேட்டால் மலைப்பாக இருக்கும். 800 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு 2 சதவீதம்கூட இல்லை.

படி 2: கடைசி நாளைக் குறியுங்கள்

ரெக்கார்டு தேதி மே 16, வெள்ளி. எக்ஸ் தேதியும், அதாவது அன்று முதல் வாங்கினால் இந்த டிவிடெண்ட் கிடைக்காது என்ற நாளும், அன்றே. 2023 ஜனவரிக் கடைசியிலிருந்து, வாங்கிய பங்கு அடுத்த வேலைநாளில் டீமேட்டுக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வந்துவிடுகிறது. ஆகவே 15-ஆம் தேதி வியாழன் வாங்கியவருக்கு டிவிடெண்ட் உண்டு. வெள்ளி காலை வாங்கியவருக்குப் பங்கு திங்கள்தான் வரும், டிவிடெண்ட் விற்றவருக்குப் போகும். ஆமாம், வியாழன் வரை வைத்திருந்து வெள்ளி காலை விற்றாலும் டிவிடெண்ட் விற்றவருக்குத்தான். இரண்டு நாள் முன்னதாக வாங்கச் சொல்லும் பழைய கட்டுரைகளை விட்டுவிடுங்கள்.

படி 3: தாளில் கணக்குப் போடுங்கள்

சரி, வியாழன் வாங்கி வெள்ளி விற்றால் சும்மா காசுதானே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

800 ரூபாய்க்கு 100 பங்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். டிவிடெண்ட் 1,590 ரூபாய். அந்தப் பணம் வங்கியை விட்டு வெளியே போவதால், சந்தையில் வேறெதுவும் நடக்காவிட்டால் எக்ஸ் தேதியன்று விலை 784.10-க்கு வரும். விற்றால் 1,590 நஷ்டம். வந்ததும் போனதும் சமம் என்று தோன்றும், ஆனால் வரி இருக்கிறதே! 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்கிறது. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 477 ரூபாய் வரி, மேலே செஸ். விற்ற நஷ்டத்தை டிவிடெண்டில் கழிக்கவும் முடியாது, மூலதன ஆதாயத்தில்தான் (பங்கு போன்றவற்றை விற்று வந்த லாபம்) கழிக்கலாம். அப்புறம் புரோக்கர் கட்டணம் வேறு.

நிஜத்தில் விலை இவ்வளவு துல்லியமாக இறங்காது. வங்கிப் பங்கு ஒரே நாளில் இரண்டு சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம், டிவிடெண்டால் வரும் இறக்கம் அதில் கரைந்துவிடும். பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர் இந்தத் தேதிக்காக அவசரப்படவே தேவையில்லை.

படி 4: ஸ்டாப் லாஸைச் சரிபாருங்கள்

790-இல் ஸ்டாப் லாஸ் (விலை அதுவரை இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் உத்தரவு) போட்டிருந்தால், டிவிடெண்டுக்காக இறங்கும் விலையிலேயே பங்கு விற்றுப்போகலாம். முந்தைய நாள் மாலையே மாற்றிவிடுங்கள்.

படி 5: பணம் வரும் நாள்

எஸ்பிஐ மே 30-லேயே கொடுத்துவிட்டது. ஹெச்டிஎஃப்சி பேங்க்கில் அதே ஆண்டு ரெக்கார்டு தேதி ஜூன் 27, பணமோ ஆகஸ்ட் பொதுக்கூட்டத்துக்குப் பிறகுதான். ஒரே நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்துக்கொண்டு தருவார்கள். டீமேட்டோடு இணைத்த வங்கிக் கணக்கு பழையதா என்று ஒருமுறை பாருங்கள். ஏழு வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டிவிடெண்ட், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும்.