‘டாப்’ (tap) என்ற ஆங்கில வினை: பால்வெட்டில் ஒன்று, போன் திரையில் வேறு

குமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு ‘டாப்பிங்’ என்பார்கள். போன் திரையை விரலால் தட்டுவதும் ‘டாப்’தான். எழுத்து ஒன்றே, வேர் வேறு.

பால்வெட்டின் ‘டாப்’ பழைய ஆங்கிலச் சொல். பீப்பாய்த் துளையை அடைக்கும் மர முளைக்கு அந்தப் பெயர். முளை வழியாக உள்ளிருப்பதை வடிப்பது வினையாயிற்று. தண்ணீர்க் குழாயும், முளைபோல் கூர்ந்து இறங்கும் ஆணிவேரான ‘டாப்ரூட்’டும் இதே குடும்பம். போனை ஒட்டுக்கேட்பதும் இதுதான். கம்பியிலிருந்து பேச்சை வடிக்கிறார்கள்! தட்டுகிற ‘டாப்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது.

‘டாப் த ட்ரீ’ என்றால் பட்டையைச் சீவிப் பாலெடு. ‘டாப் ஆன் த ட்ரீ’ என்றால் மரத்தைத் தட்டு. ‘இன்டு’ வந்தால் உள்ளிருந்து எடுப்பது: சேமிப்பில் கைவைப்பது ‘டாப் இன்டு சேவிங்ஸ்’. ‘ஆன்’ இல்லாமலும் தட்டல் வரும், ‘டாப் த ஸ்க்ரீன்’ மாதிரி. அப்போது வடிக்க உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை விண்ணப்பத்தில் எழுதும்போது ‘பி’ இரண்டு வேண்டும். ஒன்று போனால் ‘டாப்பிங்’ (tapping) நாடா ஒட்டும் ‘டேப்பிங்’ (taping) வேலையாகிவிடும். பால்வெட்டுகிறவரான ‘டாப்பர்’ (tapper) மெல்லிய மெழுகுத்திரியான ‘டேப்பர்’ (taper) ஆகிவிடும். இரண்டுமே சரியான ஆங்கிலச் சொற்கள் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. ‘ஏ’ இடத்தில் ‘ஓ’ விழுந்தாலோ, பால்வெட்டுகிறவர் முதல் மார்க் வாங்கிய ‘டாப்பர்’ (topper) ஆகிவிடுவார்.