டேக்வாண்டோ சேரப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மகளை டேக்வாண்டோ கிளாஸில் விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே வண்டியில் உட்கார்ந்து போன் பார்ப்பது என்றே ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் மாஸ்டர் வெளியே வந்து, "ஏனுங்க, சும்மா உக்காந்திருக்கறதுக்கு உள்ள வந்து நாலு கிக் அடிக்கலாமல்லங்க" என்றார். 38 வயதில் வெள்ளை பெல்ட் கட்டினேன். அப்பாவாக ஒரு தடவை, மாணவனாக ஒரு தடவை என்று ஒரே தவறுகளை இரண்டு முறை செய்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

கிளப்புக்குள் நுழைந்ததும் நம் கண் அலமாரியில் இருக்கிற கோப்பைகளுக்குத்தான் போகும். பார்க்க வேண்டியது கீழே, தரையை. நம்ம பக்கம் கிளாஸ் எங்கெல்லாம் நடக்கும் என்பது தெரிந்ததுதான்: ஸ்கூல் கிரவுண்டு, மொட்டை மாடி, முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம், வாடகைக்குப் பிடித்த ஷட்டர் ரூம். இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. மேட் இல்லாமல் வெறும் காரைத் தரையில் உதை பழக்குகிறார்கள் என்றால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள். 20, 25 மில்லிமீட்டர் கனத்தில் பல்பல்லாகக் கோத்துக்கொள்கிற ரப்பர் மாதிரி மேட் இருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டேக்வாண்டோவில் அதிகம் அடிக்கிற உதை டோல்யோ சாகி. முழங்காலை மடித்துத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டில் புறங்காலால் அறைவது. பார்க்கிறவர் கண்ணெல்லாம் உதைக்கிற காலில் இருக்கும். வேலை பூராவும் நிற்கிற காலில். அந்தப் பாதம் முன்பக்கத்தில் ஊன்றிச் சுழன்று, அடி விழுகிற நேரத்தில் குதிகால் எதிராளியைப் பார்த்து நிற்க வேண்டும். பாதம் சுழலாமல் தரையைப் பிடித்துக்கொண்டால், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கு முழுக்க முழங்காலுக்குப் போய்விடும். சொரசொரப்பான தரையில் வெறுங்காலைச் சுழற்றினால் தோல் உரியும். அந்த வலிக்குப் பயந்துகொண்டு பிள்ளைகள் பாதத்தைத் திருப்பாமலே உதைக்கப் பழகிவிடுவார்கள். ஷூவைப் போட்டுப் பழகினால் பிடிப்பு இன்னும் அதிகம், முழங்காலுக்கு இன்னும் கேடு.

என் மகள் முதலில் சேர்ந்த இடம் அப்படித்தான். பக்கம் என்பதற்காகச் சேர்த்தேன். எட்டு மாதம் கழித்து இடம் மாற்றியபோது புது மாஸ்டர் அவளை ஒரே ஒரு கிக் அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அம்மிணி, முன்னாடி காரையிலயா பழகுன?" பிறகு அவள் இடது குதிகாலில் சாக்பீஸால் ஒரு கண் வரைந்தார். "அடிக்கறப்ப இந்தக் கண்ணு என்னையப் பாக்கோணும். அவ்வளவுதான் பாடம்." பழைய பழக்கம் போக மூன்று மாதம் ஆனது. சாக்பீஸ் கண் தினமும் வியர்வையில் அழியும், தினமும் வரைவார்.

அடுத்தது பெயர்ப்பலகை. கராத்தே, குங்ஃபூ, டேக்வாண்டோ, சிலம்பம், யோகா, ஸ்கேட்டிங் எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆள் சொல்லித் தருவார் என்றால், எதில் அவர் முறையாகத் தேறியவர் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற மாஸ்டர் நமக்கு வேண்டாம். டேக்வாண்டோ கொரியாவில் உருவான கலை. அந்தப் பெயர் வந்தது 1955இல். போட்டியில் கால்தான் பேசும். உலக டேக்வாண்டோ என்கிற சர்வதேச அமைப்பின் விதிப்படி உடம்பில் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலைக்கு உதை ஏறினால் 3, சுழன்று உதைத்தால் அதற்கும் மேல். முகத்தில் குத்தக் கூடாது. வந்து பார்க்கிற கிளாஸில் ஒரு மணி நேரமும் கையால் குத்துவதே நடந்தால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

டேக்வாண்டோவுக்குள்ளேயே இரண்டு பெரிய வழி உண்டு என்பதும் சேரும்போது யாரும் சொல்வதில்லை. 1966இல் சோய் ஹாங் ஹி தொடங்கிய ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) ஒன்று. 1972இல் சியோலில் வந்த குக்கிவான் என்ற தலைமையகமும், 1973இல் தொடங்கி இப்போது உலக டேக்வாண்டோ என்று பெயர் மாறியிருக்கிற அமைப்பும் சேர்ந்த வழி இன்னொன்று. ஒலிம்பிக்கில் 1988இலும் 1992இலும் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னியிலிருந்து முழுப் பதக்க விளையாட்டாக ஆனது இந்த இரண்டாவது வழி. இதில் எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் ஈரோட்டில் ஒன்றில் நீல பெல்ட் வரை வந்த பையன், அப்பாவுக்கு மாற்றலாகிக் கோயமுத்தூர் போய் மற்றதில் சேர்ந்தால், பூம்சே எனப்படும் அடவு வரிசை முழுக்க வேறு. குக்கிவான் வழியில் தேகுக் ஒன்றிலிருந்து எட்டு வரை. ஐடிஎஃப்பில் சோன்ஜி என்று தொடங்கும் வேறு வரிசை. திரும்ப முதலிலிருந்து. ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "நீங்க குக்கிவானுங்களா, ஐடிஎஃப்புங்களா?"

இப்போது பெல்ட். ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்புங்கள். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, நடுவில் கோடு போட்டவை என்று பத்தாவது கூப்பிலிருந்து (கூப் என்றால் படி) ஒன்றாவது கூப் வரை இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மூன்று மாதம் என்று வைத்தாலே இரண்டரை வருடம் ஆகிவிடும். ஒழுங்கான கிளப்பில் அதற்கும் மேல்தான் பிடிக்கும். கலர் பெல்ட் சான்றிதழை கிளப்போ சங்கமோ கொடுத்துக்கொள்ளலாம். கருப்பு மட்டும் அப்படிக் கிடையாது. குக்கிவான் வழியில் சான்றிதழ் கொரியாவிலிருந்து எண்ணோடு வரும், அந்த எண்ணை வைத்து அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். 15 வயது நிரம்பாதவர்களுக்குத் தருவது 'டான்' என்கிற பெரியவர் தரம் கிடையாது, 'பூம்' என்கிற சிறுவர் தரம். பெல்ட்டும் பாதி சிவப்பு பாதி கருப்பு. ஏழு வயதுக் குழந்தை முழுக் கருப்பு கட்டிக்கொண்டு ஃபிளெக்ஸில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அந்தக் குழந்தையின் அப்பாவை நினைத்துத்தான் பாவமாக இருக்கும்.

ஃபிளெக்ஸ் என்றதும் பதக்கக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டேக்வாண்டோ போட்டியில் அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் வெண்கலம். ஒரு எடைப் பிரிவில் நான்கே பேர் வந்திருந்தால், ஒரு ஃபைட்கூட ஜெயிக்காத பிள்ளைக்கும் பதக்கம். எங்கள் வீட்டில் முதல் பதக்கம் வந்த அன்று அப்புச்சிக்கும் அமத்தாவுக்கும் போன் போட்டு, ஊர் முழுக்க மைசூர்பாக் கொடுத்தோம். மகளே பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பா, மொத்தமே மூணு பேருதான் வந்திருந்தோம்." இனிப்பு வீண் என்று சொல்லவில்லை. காலேஜ் சேரும்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகும் என்று நினைத்து வாராவாரம் என்ட்ரி ஃபீஸ் கட்டுகிறவர்கள், அந்தப் போட்டியை யார் நடத்துகிறார்கள், அது அரசு ஏற்றுக்கொள்கிற போட்டியா என்று பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தைக் கேட்கிறபோதே டெஸ்ட் ஃபீஸ், சான்றிதழ், டோபோக், அடி படாமல் போடுகிற கார்டு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் மனவருத்தம் இல்லை.

டோபோக் என்பது டேக்வாண்டோ உடை. இதில் நான் செய்த கூத்து தனி. பனியன் ஊர்க்காரன், துணி பற்றி எனக்கா தெரியாது என்று, எங்கள் சாம்பிள் டெய்லரிடம் 240 ஜிஎஸ்எம் கனத்துக் காட்டன் இன்டர்லாக் பின்னல் துணியில் ஒரு செட் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் வியர்வையைக் குடித்து ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிட்டது. கால் தூக்கினால் பேன்ட் முழங்காலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. டோபோக் துணி பின்னல் இல்லை, நெசவு; அதிலும் பாலியஸ்டர் கலந்தது. ஒட்டாமல் தள்ளி நிற்கும், நல்ல உதைக்கு டப்பென்று சத்தம் வரும். வளருகிற பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவதும் நம் ஊர்ப் பழக்கம். பேன்ட் நுனியைக் குதிகாலில் மிதித்து விழுந்த பிள்ளைகளை நான் எண்ணி முடியாது. முதல் மாதம் டிராக் பேன்ட், டீசர்ட் போதும். பிள்ளை தொடர்ந்து போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

கார்டுகளிலும் அப்படியே. ஃபைட் தொடங்கும்போது சொந்தமாக வேண்டியவை பல்லுக்கு மவுத் கார்டு, தொடையிடைக் கார்டு, கீழ்க்கால், முன்கைக் கார்டுகள். மார்புக்கவசமும் ஹெட்கார்டும் பெரும்பாலும் கிளப்பிலேயே இருக்கும். உதை பட்டதும் கவசத்தில் புள்ளி பதிகிற எலக்ட்ரானிக் சாக்ஸை மட்டும் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். டேடோ, கேபிஎன்பி என்று வெவ்வேறு கம்பெனிக் கருவி உண்டு; ஒன்றின் சாக்ஸ் இன்னொன்றின் கவசத்தில் புள்ளி எடுக்காது.

கால் பிளப்பு விஷயத்தில் அவசரமே கூடாது. சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, பெரிய பையன் ஒருவன் முழங்காலால் முதுகை அழுத்த, குழந்தை அழுதுகொண்டே ஸ்ப்ளிட் போடுகிற காட்சியை நானே பார்த்திருக்கிறேன். அது பயிற்சி கிடையாது. உடம்பு சூடாகும் முன் தசையை இழுத்தால் கிழியலாம். முதலில் ஓட்டம், குதிப்பு, பிறகுதான் இழுப்பு. என் வயதுக்காரர்களுக்கு இடுப்பு உயரம் கால் வருவதற்கே ஆறு மாதம் ஆகும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. தலையில் அடி விழுந்து, கண் மங்கியது, தலை சுற்றியது, வாந்தி வந்தது என்றால் அன்றைக்கு ஃபைட் முடிந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டும். "ஒண்ணுமில்லடா, தண்ணி குடிச்சுட்டு எந்திரி" என்கிற கிளப் ஆகாது. எடைப் பிரிவுக்காக வளருகிற பிள்ளையைப் பட்டினி போடச் சொல்கிற கிளப்பும் ஆகாது. ஒரு பிரிவு மேலே போய் விளையாடித் தோற்றுவிட்டு வரட்டும்.

கிளாஸை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முதல் நாள் மட்டும் என்றில்லை, எந்த நாளும். பெற்றோர் உள்ளே வரக்கூடாது, கதவு சாத்தித்தான் இருக்கும் என்றால், பெண் குழந்தையோ ஆண் குழந்தையோ, சேர்க்காதீர்கள். எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். மதியம் அரிசிம்பருப்புச் சோறு ஒரு வெட்டு வெட்டிவிட்டு உடனே போனால் மேட்டிலேயே வெளியே வரும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும், மாஸ்டருக்கும் தெரியட்டும். கால் நகம் வெட்டாமல் போகாதீர்கள். கிழிபடுவது எதிரில் நிற்பவர் தோல். சித்திரை வெயிலில் ஒரே கவசத்தைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போட்டால் படர்தாமரை இலவசமாக வரும், உள்ளே டீசர்ட் போட்டுக்கொள்ளுங்கள், வந்ததும் குளித்துவிடுங்கள்.

கலர் பெல்ட்டை டோபோக்கோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். சாயப்பட்டறை ஊரில் இருந்துகொண்டு இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் மகளின் புதுப் பச்சை பெல்ட்டும் என் வெள்ளை பெல்ட்டும் ஒரே மெஷினில் விழுந்துவிட்டன. மறுநாள் இளம்பச்சையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றேன். மாஸ்டர் மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, டெஸ்டே குடுக்காம நீங்களாவே பச்சைக்குப் போயிட்டீங்களாட்ட இருக்குது?"