கருத்தடைக் குளிசையை மட்டும் நம்பியிருப்பவர்கள் செய்யும் தவறுகள்

கருத்தடைக் குளிசை நல்ல மருந்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குளிசை குடித்தும் பிள்ளை தங்கிவிட்டது, அதெல்லாம் ஏமாற்று" என்ற பேச்சு திருகோணமலையில் குச்சவெளி முதல் மூதூர் வரை எல்லா ஊரிலும் உலவுகிறது. ஒரு நாளும் தவறாமல் ஒழுங்காக எடுத்தால், ஓர் ஆண்டில் 100 பெண்களில் ஒருவர்கூடக் கருத்தரிப்பது அரிது. மறதி, காய்ச்சல், பயணம், விருந்தாளி எல்லாம் கலந்த அன்றாட வாழ்க்கையிலோ அதே 100 பேரில் 7 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். அந்த 7 பேரில் ஒருவராக நீங்கள் ஆகாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் அதிகம் நடப்பது, கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் குளிசை எடுப்பது. ஒரு பெண் தன்னுடைய அட்டையை என்னிடம் காட்டினார். அம்புக்குறி காட்டும் வரிசைப்படி எதுவும் எடுக்கப்படவில்லை. இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று குமிழ்கள் உடைந்திருந்தன. கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போய்விட்டுக் கரைக்கு வந்து தங்கிய நாட்கள் அவை. "அவர் இல்லாத நாளில் எதற்கு அக்கா மருந்து?" என்று கேட்டார். கேள்வியில் பிழை இல்லை. அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குளிசை செய்யும் முக்கிய வேலை, சூலகத்தில் முட்டை முதிர்ந்து வெளியேறாமல் தடுப்பது. சூலகத்தை அப்படி அடக்கி வைக்க, ஹார்மோன் உள்ள குளிசையைத் தொடர்ந்து 7 நாட்கள் எடுக்க வேண்டும். உறவு வைத்த இரவில் ஒன்றை விழுங்குவதால் எந்தப் பயனும் இல்லை. மாதவிடாய் தொடங்கிய முதல் 5 நாட்களுக்குள் ஆரம்பித்தால் பாதுகாப்பு உடனே கிடைக்கும். வேறு நாளில் ஆரம்பித்தால் முதல் 7 நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். கணவர் கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ விடுமுறையில் வருகிறார் என்றால், அவர் கட்டுநாயக்காவில் இறங்கும் நாளில் அட்டையைப் பிரிக்காதீர்கள். அதற்கு முந்திய மாதவிடாயிலேயே தொடங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டில் சில கிழமைகள் மட்டும் சேர்ந்திருக்கும் தம்பதிகளுக்கு இந்தக் குளிசை பொருத்தமே இல்லை என்பது என் கருத்து. குருதி நாளங்களில் குருதி கட்டியாக உறையும் ஆபத்து சிறியதுதான், ஆனால் அது குளிசையைத் தொடங்கும் முதல் மாதங்களில்தான் கூடுதல். மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆபத்து திரும்பி வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் கருப்பைக்குள் வைக்கும் லூப் அல்லது கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி எவ்வளவோ மேல். செப்பு லூப் 10 ஆண்டுகள் வரை வேலை செய்யும். எடுத்தால் மீண்டும் பிள்ளை பெறலாம். "லூப் வைத்தால் வயிற்றுக்குள் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும்" என்று பயமுறுத்துபவர்களின் பேச்சை நம்பாதீர்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காத இடம். 28 குளிசை உள்ள அட்டைகளில் பெரும்பாலும் 21 குளிசைகளில்தான் ஹார்மோன் இருக்கும். வேறு நிறத்தில் உள்ள கடைசி 7 குளிசைகளில் இரும்புச்சத்தோ வெறும் மாவோ இருக்கும். அந்த 7 நாட்களில் சூலகம் மெல்ல விழித்துக்கொள்கிறது. எட்டாம் நாள் புதிய அட்டையைத் தொடங்கினால் அது மறுபடி அடங்கிவிடும். தொடங்காமல் இரண்டு மூன்று நாட்கள் பிந்தினால் முட்டை வெளியேறிவிடலாம். அட்டை முடிந்த பிறகு "கிளினிக் வரும் புதன்கிழமைதானே, அதுவரை இருப்போம்" என்று விடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. நடுவில் ஒரு குளிசை தவறினால் பதறுகிறவர்கள்கூட இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அலுமாரியில் எப்போதும் ஓர் அட்டை மேலதிகமாக இருக்கட்டும்.

சரி, மறந்துவிட்டால்? ஒரு குளிசை மட்டும் தவறியிருந்தால், நினைவு வந்தவுடன் அதை எடுங்கள், அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு என்று வந்தாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ தவறியிருந்தால் கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் எடுத்து, மீதியை வழக்கம்போலத் தொடருங்கள், 7 நாட்களுக்கு ஆணுறை கட்டாயம். இது அட்டையின் முதல் கிழமையில் நடந்து, அதற்கு முந்திய 5 நாட்களுக்குள் உறவும் நடந்திருந்தால் அவசர கருத்தடைக் குளிசை தேவைப்படும், ஏனெனில் விந்து உடலுக்குள் 5 நாட்கள் வரை உயிரோடு இருக்கும். ஹார்மோன் உள்ள மூன்றாம் கிழமையில் தவறியிருந்தால், நிறம் மாறிய 7 குளிசைகளையும் விட்டுவிட்டு நேரே புதிய அட்டைக்குப் போய்விடுங்கள்.

குளிசை எடுத்து 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். வாந்தியும் கடுமையான வயிற்றோட்டமும் இரண்டு நாட்களைத் தாண்டினால், குளிசை தவறிய நாட்களாகவே அவற்றைக் கணக்கிடுங்கள்.

வேறு மருந்துகளோடு சேர்த்து எடுக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன் ஆகியவை ஈரலை முடுக்கிவிட்டுக் கருத்தடை ஹார்மோனைச் சீக்கிரம் அழித்துவிடுகின்றன. ஒரு நாளும் தவறவிடாத பெண்ணும் கருத்தரிக்கலாம். ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னும் 28 நாட்கள் அந்த விளைவு நீடிக்கும். இவர்களுக்கு லூப்போ 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியோதான் ஏற்றது. வலிப்புக்கு லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். கருத்தடைக் குளிசை அந்த மருந்தின் அளவைக் குறைத்து வலிப்பை வரவழைக்கலாம். மார்புக் கிளினிக்கிலோ வலிப்புக் கிளினிக்கிலோ மருந்து எழுதும்போது, "நான் கருத்தடைக் குளிசை எடுக்கிறேன்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். அமொக்சிசிலின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக்குகளால் இந்தப் பிரச்சினை இல்லை.

கோயில் காலமும் நோன்பு காலமும்

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கும் கோணேசர் கோயில் தேருக்கும் முன்னால், மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் குளிசை வாங்குபவர்கள் பலர். அதைக் கருத்தடையாக நம்பக்கூடாது. "அந்தக் கிழமை ஏதோ குளிசை எடுத்தேனே" என்ற தெம்பில் இருந்து ஏமாந்துவிடாதீர்கள். ஏற்கெனவே கருத்தடைக் குளிசை எடுப்பவருக்கு இந்த இரண்டாவது மருந்தே தேவையில்லை. நிறம் மாறிய குளிசைகளைத் தவிர்த்து அடுத்த அட்டையைத் தொடங்கினால் மாதவிடாய் தள்ளிப்போகும்.

நோன்பு பிடிக்கும் சகோதரிகள் காலையில் எடுத்த குளிசையை நோன்பு திறந்த பின் எடுப்பதற்கு மாற்றுவது வழக்கம். இரண்டு ஹார்மோனும் கலந்த சாதாரணக் குளிசையில் அந்தப் பத்து மணி நேரப் பிந்தலால் பாதுகாப்பு குறையாது. பாலூட்டும் தாய்மார் எடுக்கும் ஒற்றை ஹார்மோன் குளிசை அப்படியல்ல. அதில் பழைய வகைகள் 3 மணி நேரம் பிந்தினாலே தவறியதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் உள்ளதற்கு 12 மணி நேரம் அவகாசம் உண்டு. தவறினால் அடுத்த 2 நாட்களுக்கு ஆணுறை வேண்டும். உங்கள் அட்டை எந்த வகை என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையைக் கடன் வாங்குவதும் வேண்டாம். உயர் குருதி அழுத்தம், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு காலில் குருதி உறைந்த அனுபவம், மார்பகப் புற்றுநோய் ஆகியவை உள்ளவர்களுக்குக் கலப்புக் குளிசை கூடாது. பாலூட்டும் தாய்மாருக்கு முதல் 6 மாதங்கள் அதைத் தவிர்ப்பதே முறை. காலில் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ, திடீரென நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளிசை எச்.ஐ.வி., சிபிலிஸ், கொணோரியா எதையும் தடுக்காது. நீண்ட காலம் பிரிந்து வாழ்ந்தவர்கள் மீண்டும் சேரும்போது இதைப் பேசுவது சங்கடமானதுதான். என்றாலும் பேசத்தான் வேண்டும். குளிசையும் ஆணுறையும் சேர்ந்தால் கருவுக்கும் நோய்க்கும் இரட்டைப் பாதுகாப்பு. ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், எண்ணெய் பட்டால் இறப்பர் கிழிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கோ தவறிவிட்டது என்றால் நேரத்தைக் கடத்தாதீர்கள். லெவோனோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசரக் குளிசையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும். 5 நாட்களுக்குள் என்றால் செப்பு லூப் வைத்துக்கொள்வது இன்னும் உறுதியானது. கரு தங்கிவிட்டால் அதைக் கலைக்கும் விஷயத்தில் இலங்கைச் சட்டம் இரக்கம் காட்டாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அதனால்தான் பல பெண்கள் கள்ளத்தனமான இடங்களுக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நிறம் மாறிய குளிசை நாட்களில் இரத்தம் வராவிட்டாலோ சந்தேகம் இருந்தாலோ, கடைசி உறவுக்கு 21 நாட்களுக்குப் பிறகு சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் குளிசையை நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். தெரியாமல் விழுங்கிய கருத்தடைக் குளிசைகளால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஊனம் வரும் என்பதற்குச் சான்று இல்லை.