பாவித்த மைட்டர் கேஜ்: மூலை மூட்டு ஏன் வாய் பிளக்கிறது?

மேசை வாளின் மேசையில் உள்ள நீளப் பள்ளத்தில் (தவாளிப்பில்) ஓடும் ஒரு பட்டை, அதன்மேல் கோணத்துக்குத் திரும்பும் ஒரு தலை; தலையில் மரத்தைச் சாய்த்துத் தள்ளி வெட்டுவோம். அதுதான் மைட்டர் கேஜ். பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே வார்ப்பிரும்புத் தலையோடு ஒன்று கிடைத்தால் விடக்கூடாதுதான். மேசை வாளோடு இலவசமாக வரும் லேசான கேஜைவிட அது பல மடங்கு உறுதி. ஆனால் வாங்கிய அன்றே அதைப் போட்டு மஹோகனியில் படச்சட்டம் வெட்டுகிறார்கள், நாலாவது மூலை சேரவில்லை என்று கேஜைத் திட்டுகிறார்கள். கண்ணாடி போடு, கையைக் கவனி என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. இங்கே மரமும் காசும் வீணாகும் இடங்கள் மட்டும்.

அளக்காமல் வாங்குவது

பெரும்பாலான மேசை வாள்களில் தவாளிப்பு 6 நூல் அகலம், 3 நூல் ஆழம்; அதாவது ஏறக்குறைய 19 மிமீக்கு 9.5 மிமீ. சின்ன மெஷின்களில் இது மாறும். வேர்னியரால் தவாளிப்பை இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து, குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டை கொஞ்சம் தடிப்பாக இருந்தால் அரத்தால் தேய்க்கலாம். வளைந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

வாள் பிளேட்டுக்கு மூலைமட்டம் வைத்துக் கேஜைத் திருத்துவது

எத்தனை தரம் சொன்னாலும் நிற்காத தவறு இது. கேஜை மேசையில் போடுவார்கள், மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தைத் தலையிலும் மறுபக்கத்தைப் பிளேட்டிலும் ஒட்டுவார்கள், வெளிச்சம் தெரியாதவரை தலையைத் திருப்பி இறுக்குவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மரம் பிளேட் காட்டும் திசையில் போவதில்லை. தவாளிப்பு இழுக்கும் திசையில் போகிறது. வெட்டிய முகமும் அந்தத் திசையிலேயே அமையும். பிளேட் தவாளிப்புக்குச் சமாந்தரமாக இல்லையென்றால், அந்தக் கோணல் முழுவதையும் நீங்களே கேஜுக்குள் ஏற்றிவிட்டீர்கள்.

வத்தளைப் பக்கம் ஒரு தம்பி இப்படித்தான் 90 பாகை நிறுத்தத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிளேட்டுக்குச் சரி செய்தார். பிறகு ஒரு பாஸ் வந்து பிளேட்டை நேராக்கிக் கொடுத்ததும் கேஜ் மறுபடி பிழையாகிவிட்டது. தேய்த்த இரும்பை யார் திருப்பி ஒட்டுவது?

ஒழுங்கு இதுதான். பிளக்கைக் கழற்றுங்கள். பிளேட்டின் ஒரு பல்லில் மார்க்கரால் அடையாளமிட்டு, அதை முன்பக்கம் கொண்டுவந்து தவாளிப்பின் ஓரத்திலிருந்து தூரத்தை எடுங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி எடுங்கள். வேறு பல் என்றால் பிளேட்டின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் 0.1 மிமீக்குள் இருந்தால் போதும். அதைப் பார்க்க கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகள்) தாராளம். கூடினால், சின்ன மெஷினில் மேசைக்கு அடியில் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளையும், பெட்டி வைத்த பெரிய மெஷினில் மேசையைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் தளர்த்தி, மரச்சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும்.

அதன் பிறகுதான் கேஜ். 300 மிமீ சதுர எம்டிஎஃப் துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கேஜில் சாய்த்து அடுத்த பக்கம், இப்படி நாலும் வெட்டுங்கள். ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே 25 மிமீ அகலத்தில் ஒரு கீற்று எடுங்கள். கீற்றின் ஒரு முனை 25.0, மறுமுனை 24.2 என்றால் வித்தியாசம் 0.8. நாலால் வகுத்தால் 0.2. 300 மிமீ நீளத்துக்கு உங்கள் கேஜ் தள்ளும் பிழை அவ்வளவுதான். மூலைமட்டத்தில் கண்ணுக்கே தெரியாதது, இங்கே நாலு மடங்காகிக் காட்டிக்கொடுக்கும்.

பாகைக் கோட்டை நம்புவது

அது அலங்காரம்.

தலை போய் விழுந்து நிற்கும் 45 பாகைக் குழியும் பல வருடம் தேய்ந்ததுதான். வெட்டு ஒவ்வொன்றிலும் கால் பாகை பிழைத்தால், எட்டு வெட்டில் நாலாவது மூலை 2 பாகை திறக்கும். 50 மிமீ அகலச் சட்டத்தில் அது 2.5 மிமீ இடைவெளி. சிலர் ஒரு வெட்டைக் கேஜை இடப்பக்கம் திருப்பியும் அடுத்ததை வலப்பக்கம் திருப்பியும் வெட்டுவார்கள். பூச்சியக் குறிதான் நகர்ந்திருக்கிறது என்றால் ஒன்று கூடி மற்றது குறையும், மூலை 90 ஆகவே வரும். ஆனால் இரண்டு வெட்டு முகத்தின் நீளமும் ஒத்துவராது, நுனியில் படி விழும். அதைப் புட்டியால் அடைப்பார்கள்.

தவாளிப்பில் பட்டை ஆடும் ஆட்டத்தை அப்படியே விடுவது

பட்டையின் பக்கவாட்டில், இரண்டு முனைக்கும் பக்கத்தில், சென்டர் பஞ்ச் வைத்து மூன்று நாலு தட்டு. குழியைச் சுற்றி எழும் விளிம்பு இடைவெளியை நிரப்பும். இறுகினால் அரத்தால் இரண்டு இழுப்பு. அகலப் பலகையில் வெட்டு தொடங்கும்போது பட்டையில் 150 மிமீதான் உள்ளே இருக்கும். அப்போது அரை மிமீ ஆட்டம் ஏறக்குறைய 0.2 பாகை.

ரிப் ஃபென்ஸும் கேஜும் ஒன்றாக

ரிப் ஃபென்ஸ் என்பது மரத்தை நீளவாக்கில் கிழிக்கப் பிளேட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் தடுப்பு. இரண்டையும் சேர்த்து வேண்டாம். வெட்டுப்பட்ட துண்டு இடையில் சிக்கி உங்கள் மேலேயே பாயும்.

வெறும் தலையில் சாய்த்து வெட்டுவது

45 பாகையில் பிளேட் மரத்தைத் தலையோரமாக இழுக்கும், பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும். தலையில் 60 செமீ அளவில் நேரான பிளைவுட் துணைப்பலகை ஒன்றைத் திருகி, முகத்தில் 120 நம்பர் மண்தாளை முழுக்க ஒட்டுங்கள். ஓரம் மட்டும் ஒட்டினால் தாள் நடுவில் உப்பி, சரி பார்த்த கோணத்தைக் கெடுக்கும்.